இரண்டு கடிகாரங்கள்

டிஜிட்டல் ஒலிப்பதிவு என்றதும் நம் எழுத்தாள நண்பர்கள் பலர் ஒரே மாதிரி முகம் சுளிக்கிறார்கள். ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டார்கள், துண்டுகளுக்கு நடுவே இருந்த ஜீவன் போய்விட்டது என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, உண்மையில்லை. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண் எதுவோ, அதன் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவை விநாடிதோறும் அந்த அலையை அளந்து குறித்துக்கொண்டால், அக்குறிப்புகளிலிருந்து முழு அலையையும் மீட்டுவிடலாம் என்பதை 1949-இல் ஷானன் கணித ரீதியாக விளக்கியிருக்கிறார். மனிதக் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரைதான். குறுந்தகடு விநாடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஆக, இரண்டு அளவுகளுக்கு நடுவில் நம் காதுக்கு உரியது எதுவும் தொலைவதில்லை. தொலைவது வேறிடத்தில் - ஒரு எந்திரம் எண்ணி வைத்ததை இன்னொரு எந்திரம் தன் கணக்கில் வாசிக்கும்போது.

இந்த 44,100 காதின் இயல்பிலிருந்து மட்டும் பிறந்த எண் அல்ல. எழுபதுகளின் இறுதியில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கத் தோதாக இருந்தது வீடியோ டேப். விநாடிக்கு 60 ஃபீல்டுகள். ஒவ்வொன்றிலும் பயன்படும் கோடுகள் 245. கோடொன்றில், சானலுக்கு 3 அளவுகள். பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 ஃபீல்டுகள், 294 கோடுகள், அதுவும் 44,100. 1982-இல் சந்தைக்கு வந்த குறுந்தகடு இந்த எண்ணையே சுவீகரித்துக்கொண்டது. வீடியோத் தொழிலும், 1987-இல் வந்த டாட் டேப்பும் 48,000-ஐப் பிடித்துக்கொண்டன. ஒரு தலைமுறையின் கைவசதி அடுத்த தலைமுறைக்கு இலக்கணமாகிவிடுவது இலக்கியத்தில் மட்டும் நடப்பதல்ல. இரண்டு எண்களுக்கும் உள்ள விகிதம் 147க்கு 160. சுலபத்தில் ஒத்துப்போகாத விகிதம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு லாட்ஜ் மாடியறையில் கவிஞ நண்பர் ஒருவர் தன் கவிதைகளை ஒரு மணி நேரம் வாசித்தார். கேட்டவர்கள் பதினோரு பேர். அவர் இப்போது இல்லை. வாசிப்பைப் பதிவு செய்த சின்ன ரிக்கார்டர் 44,100-இல் ஓடியது. பிற்பாடு யாரோ, வீடியோவோடு சேர்க்க வாட்டமாக இருக்கட்டும் என்று, எண்களைத் தொடாமல் 48,000 என்ற முத்திரையை மட்டும் குத்திச் சுற்றுக்கு விட்டுவிட்டார். ஒரு மணி நேர வாசிப்பு ஐந்து நிமிஷம் முன்னதாகவே முடிந்தது. சுருதி முக்கால் கட்டை ஏறிவிட்டது. கனத்து, நிதானித்து, வரிக்கு வரி நின்று போகிற அவருடைய குரல், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனின் குரலாகிவிட்டது. மௌனங்களும் அதே விகிதத்தில் குறுகிவிட்டன.

அவரை நேரில் அறியாத ஓர் இளம் விமர்சகர் இந்தப் பிரதியைக் கேட்டுவிட்டு ஒரு கட்டுரை எழுதினார். கவிஞரிடம் ஒரு பதற்றம் இருக்கிறதாம். தன் சொல்லின் மேல் தனக்கே நம்பிக்கையில்லாத அவசரமாம். கெட்டிக்காரத்தனமான கட்டுரைதான். கேட்டதைத்தான் எழுதியிருக்கிறார். பதிவில் ஒரு சொல்கூட மாறவில்லை, ஓர் எண்கூட மாறவில்லை. ஆனால் அப்படியொரு கவிஞர் இருந்ததேயில்லை.

இந்தக் கோளாறைச் சரிசெய்வது எளிது: முத்திரையைத் திருத்தினால் போதும். நிஜமாகவே 48,000-க்கு மாற்ற வேண்டுமானால்தான் வேலை இருக்கிறது. எண்களைப் பிரதியெடுப்பது உதவாது. இருக்கிற அளவுகளைக் கொண்டு அலையை மீண்டும் ஊகித்து, யாரும் அளக்காத கணங்களில் அதன் உயரம் என்னவாக இருந்திருக்கும் என்று புதிதாகக் கணக்கிட வேண்டும். 160 மடங்கு அடர்த்தியாக்கி, வடிகட்டி, 147-க்கு ஒன்றாகப் பொறுக்குவது என்று இதற்குச் சூத்திரம் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் வைக்கிற மொழிபெயர்ப்பாளர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்: எண்ணிலிருந்து எண்ணுக்கு வழியில்லை, எண்ணிலிருந்து அலைக்கு, அலையிலிருந்து எண்ணுக்கு என்பதே வழி.

இதைவிட நுட்பமான சிக்கல், இரண்டு எந்திரங்களுமே 48,000 என்று சொல்லும்போது வருகிறது. ஒவ்வொன்றும் தன்னுள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தை வைத்துத்தான் விநாடியை அறிகிறது. இரண்டு படிகங்கள் அச்சாக ஒன்றுபோல் துடிப்பதில்லை. பத்து லட்சத்துக்கு 50 என்ற அற்ப வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 8,640 அளவுகள் மிஞ்சும், அல்லது குறையும். வங்கியில் கணக்கு டாலியாகாவிட்டால் சஸ்பென்ஸில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். எந்திரத்திலும் பஃபர் என்று அப்படியொரு இடம் உண்டு. அது நிரம்பியதும் ஓர் அளவைத் தூக்கி எறியும், காலியானதும் முந்தியதையே திருப்பிச் சொல்லும். காதில் விழுவது 'டிக்' என்ற சிறு வெடிப்பு. ஆகவே நேரடியாக இணைக்கும்போது ஒன்று தன் கடிகாரத்தை விட்டுக்கொடுத்து மற்றதன் துடிப்பை ஏற்க வேண்டும். அல்லது இரண்டும் மூன்றாவது கடிகாரம் ஒன்றுக்குக் கட்டுப்பட வேண்டும். அல்லது இரு கடிகாரங்களின் வித்தியாசத்தை ஓயாமல் கவனித்து ஈடுகட்டும் கன்வெர்ட்டர் நடுவே இருக்க வேண்டும். இவை ஒன்றும் இல்லாதவன் பழைய அனலாக் வயரில் இணைத்துவிடலாம். அலை அலையாகவே போகும். கொஞ்சம் இரைச்சல் சேரும். எண்ணிக்கைத் தகராறு வராது.

நம் விமர்சனத்தில் இரைச்சலைப் பற்றிய கவலை நிறைய இருக்கிறது. பாட பேதம், அச்சுப் பிழை, தகவல் பிழை - இவற்றைப் பிடித்து ஒருவரையொருவர் கிழிக்கிறோம். இன்னொரு காலத்தில், இன்னொரு மூச்சில் எழுதப்பட்டதை நம் வேகத்தில் வைத்து ஓட்டிவிட்டு, வந்த சுருதி ஆசிரியனுடையது என்று தீர்ப்பளிக்கிறோமே, அதை யாரும் பிழை என்று எண்ணுவதுகூட இல்லை. சொல் மாறாதவரை எல்லாம் சரி என்கிற இந்த எழுத்தர் நேர்மை எனக்குத் தொழில்ரீதியாகவே பரிச்சயம். அது போதாது.

அந்த வாசிப்பின் சரியான பிரதியை இளம் நண்பருக்கு அனுப்பியிருக்கிறேன். உறைமேல் கவிஞரின் பெயர், தேதி. அதன் கீழ், 44,100.