முத்திரை

எங்கள் நாட்டுத் தமிழில் 'முத்திரை' என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை வேலை! கடிதத்தில் ஒட்டுவதும் முத்திரை, பற்றுச்சீட்டில் ஒட்டுவதும் முத்திரை, விதானையார் மை தொட்டுக் குத்துவதும் முத்திரை. எங்கள் வயதுக்காரருக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். அரிசி வாங்கிய முத்திரை.

இதில் வரி முத்திரைதான் மூத்தது. 1624 இல் ஒல்லாந்தில்தான் அது முதன்முதலாகப் பிறந்தது என்கிறார்கள். ஒப்பந்தம், உறுதி, வழக்கு மனு எதுவானாலும் அரசு முத்திரை பதித்த தாளில் எழுதினால்தான் செல்லும். வரி வாங்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. வீடு வீடாகப் போய்த் தண்ட வேண்டியதில்லை. காரியம் ஆகவேண்டிய சனம் தானே தேடிவந்து கட்டும். 1765 இல் பிரித்தானியா இதையே அமெரிக்கக் குடியேற்றங்களில் புகுத்த, அங்கே பெரிய கலவரமாகி அடுத்த வருடமே சட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. இலங்கையின் முதலாவது தபால் முத்திரை 1857 ஏப்ரல் 1 ஆம் திகதி வந்தது. ஆறு பென்ஸ் பெறுமதி, விக்டோரியா இராணியின் தலை. பிறகு வந்த முத்திரைகள் பலவற்றில் தபால், வருமானம் என்று இரண்டும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தன. ஒரே முத்திரையைக் கடிதத்திலும் ஒட்டலாம், பற்றுச்சீட்டிலும் ஒட்டலாம்.

முத்திரைக்கு மேலே ஏன் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. ஒருவர் பாவித்த முத்திரையைக் கழற்றி இன்னொருவர் ஒட்டக்கூடாது என்பதற்காகத்தான். பாதிக் கையெழுத்து முத்திரையிலும் பாதி தாளிலும் விழுந்தால் முத்திரை 'செத்துவிட்டது' என்று அர்த்தம். மற்றப்படி அதில் மந்திரம் எதுவும் இல்லை. இதைப்பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

உணவுக்கு வருவோம். 1942 இல் யப்பான் பர்மாவைப் பிடித்ததும் எங்கள் அரிசி வரவு நின்றுபோனது. அந்தக் காலத்தில்தான் பங்கீடு தொடங்கியது. எங்கள் சனம் அதைக் 'கூப்பன்' என்றே சொன்னது. யுத்தம் முடிந்த பிறகும் கூப்பன் போகவில்லை. 1953 இல் நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்தன 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியை 70 சதமாக்கினார். தபால் கட்டணமும் ரயில் கட்டணமும்கூட ஏறின. ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

அதே ஜயவர்தன ஜனாதிபதியானபோது அரிசியில் ஒரேயடியாகக் கைவைக்கவில்லை. 1978 இல் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்று பங்கீட்டை ஒடுக்கினார். 1979 செப்ரெம்பரில் கூப்பனை நிறுத்திவிட்டு உணவு முத்திரை கொடுத்தார். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை 20, அதற்கு மேல் 15. மண்ணெண்ணெய்க்குக் குடும்பத்துக்கு 9 ரூபா 50 சதம்.

எங்கள் ஐயா சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். நாங்கள் மூன்று பிள்ளைகள், இரண்டு பேர் எட்டுக்குள், அண்ணன் பத்து வயது. எல்லாம் கூட்டினால் 109 ரூபா 50 சதம். அம்மா அந்தத் தொகையை மனப்பாடமாக வைத்திருந்தார். சங்கக்கடையில் அரிசி, மா, சீனி, பருப்பு, கருவாடு வாங்கலாம். முதல் வருடம் ஒருமாதிரிச் சமாளித்தது. அதன்பிறகுதான் அதன் தந்திரம் விளங்கியது. கூப்பன் தந்தது அரிசி. முத்திரை தந்தது காசுக் கணக்கு. கொத்து என்றால் விலை ஏறினாலும் கொத்துத்தான். 25 ரூபா அப்படியே நிற்க விலைகள் ஓடின. எவரும் ஹர்த்தால் செய்யவில்லை. 45 சதத்துக்குத் தெருவில் இறங்கிய நாடு, மெல்ல மெல்லத் தேய்ந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வருமானம் எவ்வளவு என்று சனம் தாமே எழுதிக் கொடுத்ததால் தேவையில்லாதவர்களும் உள்ளே புகுந்தார்கள். மலையகத்திலோ செக்ரோலில் சம்பளம் பதிவான ஒரே காரணத்தால் எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் வெளியே நின்றன. பசியைக் காகிதத்தால் அளந்தால் இப்படித்தான் நடக்கும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. நாங்களும் நடந்தோம். அதன்பிறகு எங்கள் வாழ்க்கையே நிவாரண அட்டையில்தான். எங்கள் விதானையாரும் எங்களோடு இடம்பெயர்ந்தவர். பள்ளிக்கூட வளவில் ஒரு மரத்தின் கீழ் மேசை போட்டு, துணிப்பையிலிருந்து றப்பர் முத்திரையை எடுத்து அட்டையில் குத்துவார். அந்த வட்டமான ஊதா அடையாளம் விழுந்தால்தான் சங்கத்தில் அரிசியும் மாவும். ஒருநாள் மழையில் மை கரைந்துவிட்டதென்று ஒரு தாயைத் திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து விதானையாரிடம் போய்த் திரும்பக் குத்துவித்தோம். அவரும் முணுமுணுக்காமல் குத்தினார்.

அந்த அட்டையில் முதல் வரி 'குடும்பத் தலைவர்'. அங்கேதான் எங்களில் பலருக்குத் தொண்டை அடைத்தது. கணவனைக் காணாமல் இருந்த என் மச்சாளிடம் அலுவலர் ஒருவர் கேட்டார்: "ஆள் இல்லையெண்டால் பேரை வெட்டிவிடட்டோ?" அவள் சொன்னாள்: "பங்கை வெட்டுங்கோ ஐயா, பேரை வெட்டாதையுங்கோ." அவர் பேனையை எடுத்தபடி கொஞ்சநேரம் இருந்துவிட்டு, பெயரை அப்படியே விட்டு, பக்கத்தில் சிறிதாக ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று அவள் பார்க்கவில்லை.

பல வருடங்களின் பின் அதே பெயர் வேறு வடிவில் வழிமறித்தது. மகளின் கலியாணத்துக்குத் தன் சீதனக் காணியை எழுதிக் கொடுக்கப் போனாள். தேசவழமைப்படி மணமான பெண் தன் காணியை எழுதுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று நொத்தாரிசு சொன்னார். முத்திரைத் தீர்வைக்குக் காசு சேர்த்து வைத்திருந்தாள். கையெழுத்துக்கு எங்கே போவாள்? கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் சட்டத்திலேயே இருக்கிறது. அதை அவளுக்குச் சொல்ல ஆளில்லாமல் இரண்டு வருடம் போனது. 2016 முதல், இறந்துவிட்டார் என்று எழுதாமல், காணாமற் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழும் பெறலாம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்கள் இதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அவள் அதைத்தான் எடுத்தாள்.

ஜனசவிய 1989 இல் வந்தது, சமுர்த்தி 1995 இல் வந்தது. சமுர்த்தி முத்திரையில் ஒரு பங்கு கட்டாயச் சேமிப்பாகவும் சமூகப் பாதுகாப்பு நிதிக்கும் கழிந்துவிடும். 2023 இல் அஸ்வெசும வந்தது; முத்திரை போய், வங்கிக் கணக்கில் காசு விழுகிறது. வரிசையில் நின்று வெட்கப்படத் தேவையில்லை என்பது நல்லதுதான். ஆனால் முதற்பட்டியல் வந்தபோது மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. முன்பு விடுபட்டால் மரத்தின் கீழ் இருக்கும் விதானையாரோடு சண்டை பிடிக்கலாம். கணினிப் பட்டியலோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

இப்போது எங்கள் கைக்கு அடிக்கடி வரும் முத்திரை கடன்காரருடையது. 25,000 ரூபாவும் அதற்கு மேலும் உள்ள பற்றுச்சீட்டுக்கு 25 ரூபா முத்திரை என்று 2006 இல் வந்த சட்டம் சொல்கிறது. அது நியாயமான காரியம். ஆனால் கிராமங்களில் சில முகவர்கள், எழுத்து எதுவுமில்லாத வெறுந்தாளில் முத்திரையை ஒட்டிக் கொண்டுவந்து, "இதில் வையுங்கோ அக்கா, மிச்சத்தை நாங்கள் நிரப்புறம்" என்கிறார்கள். 2018 இல் வரட்சி மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசு தள்ளுபடி செய்ய வேண்டி வந்த அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. தொகை, வட்டி, திகதி மூன்றும் எழுதப்படாத தாளில் முத்திரை இருந்தாலும் கைவைக்க வேண்டாம். வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிரதி கேளுங்கள்.

எங்கள் மாதர் சங்கத்தில் கடந்த வருடம் ஒரு முகவர் ஐந்து பெண்களுக்கு முன்னால் அப்படிப்பட்ட தாள்களை விரித்தார். முதலாவதாக இருந்த பெண் பேனையை வாங்கி, "முதலில் நீங்கள் எழுதுங்கோ தம்பி, நாங்கள் இருக்கிறம்" என்றாள். அவர் எழுதத் தொடங்க மத்தியானமாகிவிட்டது. ஐந்து தாளையும் வாசித்தபிறகு மூன்று பேர் கையெழுத்து வைத்தார்கள், இரண்டு பேர் கடன் வேண்டாமென்று எழும்பிப் போனார்கள்.