பெரிய காமிராவா, நல்ல லென்ஸா?

மிக்ஸி வாங்குவதென்றால் நாம் பத்துப் பேரைக் கேட்போம். மோட்டார் எப்படி, ஜார் கனமா, ரிப்பேருக்கு ஊரில் ஆள் உண்டா என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் பணத்தை எடுப்போம். காமிரா விஷயத்தில் மட்டும், "அதெல்லாம் நமக்கென்ன புரியும்?" என்று பிள்ளையிடம் விட்டுவிடுகிறோம். புரியாத வித்தை அதில் ஒன்றுமில்லை, சகோதரிகளே!

எனக்கு இந்த ஆசை வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா 2014-ல் காலமானபோது, சட்டம் போட்டு மாட்ட ஒரு நல்ல படம் இல்லை. கிடைத்தது யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. அதில் அம்மாவின் முகம் மிளகளவு. பெரிதாக்கினால் கண் எது, மூக்குத்தி எது என்று தெரியவில்லை. முறுக்குச் சுற்றும் அந்தக் கை எந்தப் படத்திலும் இல்லை.

அதனால்தான் மகன் கல்லூரியில் வைத்திருந்த காமிராவை எடுத்துக்கொண்டு, மாமியார், பெரியம்மா, சித்தி எல்லோரையும் அவரவர் சமையலறையில், வேலை செய்கிறபோதே படம் பிடித்து வருகிறேன். மாமியாருக்கு வயது 81. தள்ளிப்போடுகிற காரியமில்லை இது.

தொல்லை என்னவென்றால், நம் சமையலறைகளில் வெளிச்சம் போதாது. படத்தில் கை அசைந்து புகையாகத் தெரிகிறது. ஃப்ளாஷ் போட்டாலோ, "மின்னல் அடிச்ச மாதிரி இருக்கும்மா, வேண்டாம்" என்று அத்தை கண்ணை மூடிக்கொள்கிறார்.

சீட்டுப் பணம் கைக்கு வந்த சமயம். "ஃபுல் பிரேம் காமிரா வாங்கிடும்மா. இருட்டுல கூடப் பளிச்சுனு வரும்" என்றான் மகன். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தக் காமிராவின் உடலுக்கே சீட்டுப் பணம் முழுக்கப் போய்விடும். அதனால் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

காமிராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் தகடுதான் சென்ஸார். ஃபுல் பிரேமில் அது 36-க்கு 24 மில்லிமீட்டர். என்னுடையதில் சுமார் 23.5-க்கு 15.6. மழைக்கு வாசலில் அண்டா வைப்பதற்கும் குண்டான் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் பெரியது இரண்டேகால் மடங்குக்குச் சற்று அதிகம்.

இனி லென்ஸுக்கு வருவோம். அதில் எஃப் என்று போட்டு ஒரு எண் இருக்கும். எண் சிறியதானால் திறப்பு பெரிது என்று அர்த்தம். காமிராவோடு வந்த 18–55 ஜூம் லென்ஸை 35-ல் வைத்தால், அதிகபட்சத் திறப்பு சுமார் 4.5. இதற்குப் பதில் 35 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் போட்டால் ஆறு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்! 1/20 விநாடியில் எடுத்த படத்தை 1/125 விநாடியில் எடுத்துவிடலாம். முறுக்குச் சுற்றும் விரல் அசங்காமல் நிற்கும். விலையோ அந்தப் பெரிய காமிராவில் ஒரு சிறு பங்குதான்.

இன்னொன்றும் உண்டு. சிறிய சென்ஸாருக்கென்றே செய்த லென்ஸ், ஃபுல் பிரேமில் படம் முழுவதையும் நிரப்பாது. காமிராவை மாற்றினால் லென்ஸும் மாற்றியாக வேண்டும்.

"மெகாபிக்ஸல் கூட வேண்டாமா, மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார். என்னுடையது 24. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் போட்டாலும் இருபதுக்குள் அடங்கிவிடும். சுவரில் மாட்ட அதைவிடப் பெரிய படம் எனக்கெதற்கு?

35-ஆ, 50-ஆ என்ற சந்தேகமும் வந்தது. ஜூமை 50-ல் வைத்து அடுக்களையில் நின்றேன். முதுகு ஃப்ரிட்ஜில் இடித்தது. அத்தையின் முகம் மட்டும்தான் படத்தில் விழுந்தது. 35-ல் முகம், கை, முறுக்குத் தட்டு எல்லாமே அடங்கின. நீங்களும் வாங்குமுன் இப்படி ஒரு வாரம் பழகிப் பாருங்கள். ஊரில் வாடகைக்குக் கிடைத்தால் ஒரு நாள் எடுத்தும் பார்க்கலாம். பழைய லென்ஸ் வாங்குவதானால், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது; வேண்டாம்.

வாங்கிய பிறகும் கவனம் தேவை. 1.8-ல் திறந்து கிட்டத்தில் எடுத்தால், கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் விழும். இரண்டு பேர் சேர்ந்து இருந்தால் எண்ணை 4-க்குக் கொண்டு போங்கள். மழைக்காலத்தில் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடுங்கள். அரிசியில் புதைத்து வைக்காதீர்கள்; மாவுத் தூசி உள்ளே போகும்.

லென்ஸ் வாங்கியதுபோகச் சீட்டுப் பணத்தில் நிறையவே மிஞ்சியது. அதில் கொஞ்சம் எடுத்துப் படங்களைப் பிரிண்ட் போட்டு ஆல்பமாக்கினேன். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"என் கை இவ்வளவு சுருங்கிப் போச்சா?" என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் அடுத்த நிமிஷமே, "இதுல ஒண்ணு என் தங்கச்சிக்கு அனுப்பிடும்மா. அவ கையும் இப்படித்தான் இருக்கும்" என்றார்.

உங்களிடம் இருப்பது செல்போன் காமிராவாகவே இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்களை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவர்கள் கைவேலையோடு சேர்த்து இந்த வாரமே ஒரு படம் எடுத்துவிடுங்கள். லென்ஸை அப்புறம் நிதானமாக வாங்கிக்கொள்ளலாம்.