சுண்ணாம்பு சுட்ட புண்

எங்கள் பண்பாட்டில் வெற்றிலைக்கு உள்ள மதிப்பு வேறெந்த இலைக்கும் இல்லை. திருமணத்துக்கு நாள் வைப்பது முதல் துக்க வீட்டுக்கு வந்தோரை இருத்துவது வரை வெற்றிலைத் தட்டம் இல்லாமல் எதுவும் நடைபெறுவதில்லை. அதைப் பற்றிக் குறைசொல்லி எழுதினால் சிலர் கோபிக்கக்கூடும். ஆயினும் முப்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையிலும், அந்த நோயை வீட்டுக்குள் வைத்துப் பார்த்தவன் என்ற முறையிலும் இதனை எழுத வேண்டியிருக்கிறது.

இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். பெண்களையும் அது விட்டுவைப்பதில்லை. புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இலேயே கூறியது. 2004இல் அது வெளியிட்ட அறிக்கை இன்னும் ஒருபடி சென்றது. புகையிலை சேராத கூட்டும், ஏன், பாக்கு மட்டுமேகூட, புற்றுநோயைத் தரும் என்பதே அதன் முடிவு. "நான் போயிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று எங்கள் பெரியவர்கள் சொல்லும் சமாதானம் அன்றோடு செல்லாததாகிவிட்டது.

என் பெரியம்மாவும் அந்தச் சமாதானத்தைச் சொன்னவர்தான். வலக் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு தடிப்பு அவருக்குப் பல காலம் இருந்தது. பின்னர் அது புண்ணாயிற்று. சுண்ணாம்பு கூடி வாய் வெந்துவிட்டது என்று எண்ணி, தேங்காய்ப்பால் கொப்பளித்தார், நல்லெண்ணெய் பூசினார். 2002இல் ஏ9 வீதி திறந்த பின்னர், வெள்ளவத்தையில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவரை அழைத்து வந்தோம். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் ஒரு வைத்தியர் சின்ன டோர்ச் லைட்டை அடித்து வாய்க்குள் பார்த்தார். எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார்.

"ஒரு வருசத்துக்கு மேல கிடக்குது தம்பி. சுண்ணாம்பு சுட்ட புண்தானே எண்டு விட்டிட்டன்."

இழையத்தை எடுத்துச் சோதித்து நோயை உறுதி செய்தார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரங்களுக்கு மேல் கதிர்ச்சிகிச்சை நடந்தது. சிகிச்சைக்கு ஒரு சதமும் எங்களிடம் வாங்கவில்லை. அந்த நடைபாதை வாங்கில் தோட்டத்திலிருந்து வந்த கொழுந்து பறிக்கும் பெண்ணும், அநுராதபுரத்து விவசாயியும், என் பெரியம்மாவும் வாயைத் துவாயால் பொத்தியபடி அருகருகே இருந்தார்கள். கஞ்சியும் இறங்காத நாட்களில், தமிழ் அவ்வளவாகத் தெரியாத ஒரு தாதி "அம்மே, டிக்கக்" என்று கரண்டியை நீட்டியபடி நெடுநேரம் நிற்பார். அவருக்காகவே பெரியம்மா இரண்டு வாய் குடிப்பார்.

ஒன்றரை ஆண்டு வாழ்ந்தார். அவருடைய அந்தியேட்டி அன்று வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டம் வைக்கப்பட்டது. அதை யாரும் விசித்திரமாக எண்ணவில்லை.

அன்று யாழ்ப்பாணத்தவருக்கு இருந்த தூரம் இன்று இல்லை. 2011இல் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் கால்நடையாக வந்து திரட்டிய நிதியைக்கொண்டு தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டு, 2013இல் திறக்கப்பட்டது. சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்த அந்த நடையை நான் நன்றியோடு நினைப்பதுண்டு. ஆனால் வைத்தியசாலை பக்கத்தில் வந்தால் மட்டும் போதாது. புண்ணை யாராவது உரிய காலத்தில் பார்க்கவும் வேண்டும்.

அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை என்பதுதான் இந்த நோயின் தனித்தன்மை. 1980களின் தொடக்கத்திலேயே இலங்கையில் சாதாரண ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து, கிராம மக்களின் வாயைச் சோதிக்கவைத்த ஓர் ஆய்வு நடந்தது. அவர்களாலும் நோயின் ஆரம்பக் குறிகளை அடையாளம் காண முடியும் என்பது அதில் தெரியவந்தது. பின்னர் கேரளத்தின் திருவனந்தபுரம் பகுதியில் 1996இல் தொடங்கிய பேராய்வின் முடிவு 2005இல் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியானது. மருத்துவர் அல்லாத பயிற்சிபெற்ற பணியாளர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தார்கள். அவ்வாறு பார்க்கப்பட்ட ஊர்களில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே இந்நோயால் நேர்ந்த மரணங்கள் 34 சதவீதம் குறைந்திருந்தன. கண்ணும் வெளிச்சமும் செய்த வேலை அது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடிக்கு முன் நின்று கன்னங்களின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடிப்புறம், அண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளைத் தடிப்பு, சிவந்த திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், முன்போல வாயை அகலத் திறக்க முடியாமை, காரம் பட்டால் எரிவு, இவற்றில் எது இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். நோவில்லை என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் நோவு இருப்பதில்லை. இப்படியான எல்லாத் தடிப்பும் புற்றுநோயாவதில்லை. பாக்கையும் புகையிலையையும் விட்டால் சில திட்டுகள் மறைவதும் உண்டு.

புலம்பெயர்ந்த நாடுகளில் இருப்போர் ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது அம்மாவிடம் சீனியையும் பிரஷரையும் பற்றித் தவறாமல் விசாரிக்கிறார்கள். வெற்றிலை போடும் அம்மாவாக இருந்தால் வாயையும் விசாரியுங்கள். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது, "ஒருக்கா ஆவெண்டு காட்டுங்கோ" என்று கேட்டு உள்ளே பாருங்கள். அவர் வெட்கப்படுவார், சிரிப்பார். பரவாயில்லை, பாருங்கள்.