வாசலில் கிடந்த செருப்புகள்

திருவிழா முடிந்த மறுநாள், ஆலய வாசலில் எவரும் எடுத்துச் செல்லாத செருப்புகள் சில கிடக்கும். கோவில்பிள்ளை அவற்றைக் கூட்டித் தள்ளுவதை ஆண்டுதோறும் கண்டிருக்கிறோம், நின்று நோக்கியதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் கலைஞர் டைரீ கைட்டனைப் பற்றி அறிந்த பின்னரே நம் பார்வை அவற்றின்மேல் தங்கியது.

1967-இல் அந்நகரில் மூண்ட கலவரத்தைச் சிறுவனாகக் கண்டவர் அவர். தொழிற்சாலைகள் மூடப்பட்டன, மக்கள் வெளியேறினர், அவர் வளர்ந்த ஹைடல்பர்க் தெருவில் வீடுகள் பாழடைந்து நின்றன. 1986-இல் தம் தாத்தா சாம் மேக்கியோடும் மனைவி கேரனோடும் அத்தெருவைக் கூட்டத் தொடங்கினார். கூட்டிய குப்பையை அகற்றவில்லை. உடைந்த பொம்மைகள், பழைய தொலைபேசிகள், வேக்குவம் கிளீனர்கள் யாவும் சிற்பங்களாகி வீட்டுச் சுவர்களிலும் வெற்று மனைகளிலும் ஏறின. சுவரெங்கும் வண்ணப் பொட்டுகள்!

மரத்திலே காலணிகளையும் தொங்கவிட்டார். விளையாட்டன்று. கறுப்பின மக்களை வெறிக்கும்பல்கள் மரங்களில் தூக்கிலிட்ட காலத்தைத் தாத்தா அவருக்குச் சொல்லியிருந்தார். கீழே நின்று அண்ணாந்தவருக்குத் தெரிந்தவை காலணிகளின் அடிப்புறங்களே. இதை அறிந்த இரவு நாம் நெடுநேரம் உறங்கவில்லை.

ஆயினும் அண்டை வீட்டார் சிலர் அத்தெருவை வெறுத்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. வெளியூரார் வியந்து படம் பிடித்துச் சென்றுவிடுவர். மறுநாள் காலை கதவைத் திறந்து அக்குப்பையின் முகத்தில் விழிப்பவர் இவர்கள் அல்லரோ? 1991-இலும் 1999-இலும் நகர நிர்வாகம் இயந்திரங்களை அனுப்பிப் பலவற்றை இடித்தது. 2013-இலும் 2014-இலும் தொடர்ந்து தீ வைக்கப்பட்டு வீடுகள் பல எரிந்தன. ஒவ்வொரு முறையும் எஞ்சியதைக்கொண்டு மீண்டும் தொடங்கினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், அதனைப் படிப்படியாகத் தாமே கலைக்கப்போவதாக அறிவித்தார். இடிப்பவரையும் எரிப்பவரையும் எதிர்த்து நின்றவர், தம் கையாலேயே பிரித்தெடுக்க எவ்வளவு உரம் வேண்டும்!

இவ்வாண்டு திருவிழா முடிந்தபின் வாசலில் ஏழு செருப்புகள் கிடந்தன. அவற்றுள் ஒன்று குழந்தையுடையது; வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கைக் குத்திய கை யாருடையதோ? இரண்டு ஞாயிறுகள் கடந்தும் எவரும் தேடி வரவில்லை.

"கூட்டிறட்டா சாமி?" என்று கோவில்பிள்ளை துடைப்பத்தோடு நிற்கிறார்.

"இன்னும் ஒரு வாரம் கிடக்கட்டும்" என்றோம். அவர் நம்மை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, செருப்புகளைச் சுற்றிக் கூட்டலானார்.