சபலத்துக்கு ஆங்கிலம் என்ன?

இலங்கைத் தமிழில் ‘கழிவு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வேண்டாமென்று எறிவது ஒன்று; கடைக்காரர் விலையில் குறைத்துத் தருவது மற்றொன்று. தமிழ்நாட்டார் ‘தள்ளுபடி’ என்பதை நாம் ‘விலைக்கழிவு’ என்கிறோம். தீபாவளிக்கும் நத்தாருக்கும் முன்னால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் துணிக்கடை வாசல்களில் ‘50 வீதக் கழிவு’ என்று தொங்கும் அட்டைகளைக் காணும்போதெல்லாம், அவ்விரு பொருளும் ஒன்றையொன்று பார்த்துச் சிரிப்பதாக எனக்குத் தோன்றும். இரண்டாம் பொருளில் வீட்டுக்கு வந்தவை பல, ஆண்டு திரும்புமுன் முதற்பொருளில் வெளியேறுவதைக் கண்டிருக்கிறேன்.

இந்தச் சிந்தனையைக் கிளறிவிட்டது ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல். என் தங்கையின் மகள் அங்கே புதிதாகக் குடியேறியோருக்கு ஆங்கிலம் கற்பிக்கிறாள். அவளுடைய வகுப்பில் இருப்போரிற் பெரும்பாலோர் சோமாலியப் பெண்கள். 1983இன் கலவரத்துக்குப் பின் நம்மவர்களும், 1991இல் அரசு வீழ்ந்த காலத்தையொட்டிச் சோமாலியர்களும் அந்நகரத்தை நோக்கிப் பெருகினர். நம்மவர்கள் ஸ்கார்பரோவில் செறிந்தனர். அவர்கள் எற்றோபிக்கோவின் டிக்சன் வீதியை அண்டினர். போரால் பெயர்ந்த இரு கூட்டத்தார் நகரின் இரு முனைகளில்.

அந்த வாரப் பாடம், உணர்ச்சிகளும் யோசியாமல் பொருள் வாங்குதலும் பற்றிய ஆங்கிலச் சொற்கள். மருமகள் எழுதியிருந்தாள்: “மாமா, ‘இம்பல்ஸ் பையிங்’ என்பதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா, ‘உன் மொழியில் இதற்கு என்ன சொல்?’ என்று கேட்டார். எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. நீங்கள் பத்திரிகைக்காரர். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

பத்திரிகைக்காரனின் விடை ஆயத்தமாகவே இருந்தது. ஆசிரியபீடத்தில் இதனை ‘உந்துதற் கொள்வனவு’ என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். பிழையில்லாத சொல்தான். ஆயினும் எந்த அடுக்களையிலும் எந்த மனைவியும் கணவனிடம் உச்சரித்திராத சொல். அந்தச் சோமாலிய அம்மா கேட்டது அகராதிச் சொல்லை அன்று என்பது எனக்குப் புரிந்தது.

ஆங்கிலச் சொற்களின் வேரைச் சற்றுப் பார்க்கலாம். ‘இம்பல்ஸ்’ என்பதன் இலத்தீன் மூலம் தள்ளுதல். ‘இமோஷன்’ என்பதன் மூலம் இடம்பெயர்த்தல். இரண்டிலும் மனிதன் யாராலோ தள்ளப்படுகிற ஒரு பொருள். நம் ‘உணர்ச்சி’யோ ‘உணர்’ என்பதிலிருந்து பிறந்தது. அறிதலுக்குப் பக்கத்து வீடு அது. சோமாலிய மொழியில் உணர்ச்சிக்கு ‘தரேன்’ என்பார்களாம்; அதுவும் உணர்தல் என்னும் வினையோடு உறவுடையதே. ஆக, இந்த ஒரு விடயத்தில் தமிழும் சோமாலியமும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கின்றன.

1962இல் ஹாக்கின்ஸ் ஸ்டேர்ன் என்பவர் அமெரிக்கச் சந்தைப்படுத்தல் சஞ்சிகையொன்றில் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுவது. திட்டமிடாத கொள்வனவை அவர் நான்காக வகுத்தார். கண்டதும் மனம் தாவி வாங்குவது ஒன்று. வீட்டில் சீனி முடிந்தது கடையில் நினைவுக்கு வந்து வாங்குவது இரண்டாவது. முதன்முறையாகக் காணும் பொருள் தனக்குத் தேவையென்று தோன்றி வாங்குவது மூன்றாவது. ‘எது மலிவோ அதை வாங்குவோம்’ என்று எண்ணிப் போய் வாங்குவது நான்காவது. இவற்றுள் முதல்வகையையே நம் வீடுகளில் ஏசுகிறோம். மற்ற மூன்றிலும் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது.

அந்த முதல்வகைக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: சபலம். அதன் சுற்றத்தார் பலர். கிடைக்காதென்று தெரிந்தும் விடாத ஆசை நப்பாசை. அடுத்தவரிடம் இருப்பதைப் பார்த்து, நமக்கில்லையே என்று புலம்புவது அங்கலாய்ப்பு. இன்னதென்று சுட்ட முடிந்தும் முடியாமலும் நெஞ்சை இழுப்பது ஏக்கம். திருக்குறளில் பிறர் பொருளை விரும்பாமைக்கு ‘வெஃகாமை’ என்று ஓர் அதிகாரமும், ஆசையையே அறுப்பதற்கு ‘அவாவறுத்தல்’ என்று வேறோர் அதிகாரமும் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எதனாற் பிறக்கும் என்று நந்நான்கு காரணம் சொன்னவர். உவகைக்குச் செல்வத்தை முதலிற் சொன்ன அவர், பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்ற நான்கைச் சொன்னார். பொருள் மகிழ்ச்சி தரும் என்பதை அவர் மறுக்கவில்லை. தலை நிமிரச் செய்வது கொடுப்பதுதான் என்றார்.

இவ்வளவையும் எழுதி அனுப்பியபின்னும் எனக்கு நிறைவில்லை. காரணம், எங்கள் மட்டக்குளி ஒழுங்கையில் உள்ள ஓர் இளம்பெண். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மூன்று தவணையில், வட்டியில்லாமல் வாங்கலாம் என்று அழைக்கும் கைப்பேசிச் செயலிகள் வழியாக அந்தப் பிள்ளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள்களை வாங்கியிருக்கிறாள். ஒவ்வொரு தவணையும் சிறியது. எல்லாத் தவணையும் ஒரே மாதத்தில் கூடியபோது பெரியது. வீட்டில் வெடித்தது. மாமியார் ‘ஆடம்பரம்’ என்ற ஒரே சொல்லால் வழக்கை முடித்துவிட்டார். அடுத்த மாதம் முதல் கட்டார்க் காசு தாயின் கணக்குக்குப் போயிற்று. பாண் வாங்கவும் மருமகள் கைநீட்ட வேண்டிய நிலை.

ஒரு நாள் என் மனைவியிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது: “ஆடம்பரம் இல்லை அன்ரி. பின்னேரம் நாலு மணியானா ஒரு மாதிரி இருக்கும். அப்பதான் போனைப் பார்ப்பன். ஓடர் பண்ணினா, பார்சல் வருமெண்டு பார்த்துக்கொண்டே ரெண்டு நாள் போயிடும்.”

‘ஒரு மாதிரி இருக்கும்.’ நம்மவர் நாளாந்தம் சொல்லும் இந்த மூன்று சொற்களுக்குள் எத்தனை பதுங்கியிருக்கின்றன! தனிமை, சலிப்பு, பயம், ஏக்கம் எல்லாவற்றுக்கும் இதுவே போர்வை. சபலம் என்ற சொல்லும் அவளுக்குப் பொருந்தவில்லை. அவள் வாங்கியது பொருளை அன்று. காத்திருப்பதற்கு ஒரு காரணத்தை. இதற்குரிய பெயர் அந்த வீட்டில் ஒருமுறை உச்சரிக்கப்பட்டிருந்தால், பேச்சு காசிலிருந்து கணவர் எப்போது வருவார் என்பதற்குத் திரும்பியிருக்கும். குற்றத்துக்குப் பெயர் வைப்பதில் நாம் வல்லவர்கள். நோவுக்குப் பெயர் கேட்டால் ‘ஒரு மாதிரி’ என்று நிறுத்திவிடுகிறோம்.

உணர்ச்சியால் வாங்குவதெல்லாம் ஆசையால் வாங்குவது என்பதும் முழு உண்மையன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்ட காலத்தை நாம் வாழ்ந்து கடந்தோம். பால்மாவைக் கண்ட இடத்தில் வாங்கி அலுமாரிக்குள் அடுக்கினோம். பட்டியலில் இல்லாத கொள்வனவுதான் அதுவும். அதன் பின்னால் நின்றது அச்சம். அதை எவரும் ஆடம்பரம் என்று சொல்லவில்லை.

இவற்றையும் சேர்த்து எழுதினேன். மருமகளின் பதில் வந்தது. ‘ஒரு மாதிரி’யை வகுப்பில் விளக்கத் தொடங்கியதுமே அந்தப் பெண்கள் சிரித்துத் தலையாட்டினார்களாம். பின்பு, கை நீளாமல் இருக்கத் தாங்கள் கைக்கொள்ளும் வழியைச் சொன்னார்களாம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மாதந்தோறும் ஒரு தொகையைப் போடுவர். திரளும் காசு முறைவைத்து ஒருவருக்குப் போகும். ‘ஹக்பத்’ என்பது அதன் பெயர். ‘அயூத்தோ’ என்றும் சொல்வர். உதவி என்ற பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழிவந்தது அது. “மாமா, இது எங்கள் சீட்டுத்தானே?” என்று கேட்டிருந்தாள்.

சீட்டேதான். சிங்களவரும் அதே சொல்லால் வழங்கும் சீட்டு. 1935இலேயே இலங்கையில் அதற்கென ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்ற மானிடவியலறிஞர் இத்தகைய சுழல்கடன் முறைகளைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரையொன்றை எழுதினார். அது வெளியான ஆண்டும் 1962! மனிதர் எப்படிச் சிந்தாமல் செலவிடுகின்றனர் என்று ஒருவர் ஆராய்ந்த அதே ஆண்டில், எப்படிச் சேர்ந்து சேமிக்கின்றனர் என்று மற்றவர் ஆராய்ந்திருக்கிறார்.

சீட்டின் பலம் வட்டியில் இல்லை. தவணையில் முதலில் பொருள் வருகிறது, பிறகு கவலை வருகிறது. சீட்டில், கட்டவேண்டிய மாதத்தில் வாசலில் ஒரு மனிதர் வந்து நிற்கிறார். ‘எப்படி இருக்கிறாய் பிள்ளை?’ என்று கேட்கிறார். செயலி அதைக் கேட்பதில்லை.

எங்கள் ஒழுங்கையில் சீட்டுப் பிடிக்கும் அம்மையார் பின்னேரம் நாலு மணிக்குத்தான் வீடு வீடாக வருவார். இந்தத் தைமாதம் முதல் அந்தப் பிள்ளையும் அதிற் சேர்ந்திருக்கிறாள். மாதம் ஐயாயிரம் ரூபா. முதல் தொகையைத் தந்தது மாமியார்தான் என்று கேள்வி.