உளி, அரம்... அப்புறம் ஒரு துப்பாக்கி!

ஃபர்ஸ்ட் இயர் ஃபிட்டிங் ஷாப் ஞாபகம் இருக்கா பாஸ்? ஒரு இரும்புத் துண்டைச் சதுரமா ராவி முடிக்கிறதுக்குள்ள உயிர் போச்சுல்ல! அதே அரத்தை வெச்சு முழு ரைஃபிளையே செய்யறவங்களைப் பார்க்கணும்னா, நீங்க அமெரிக்காவுல வில்லியம்ஸ்பர்க் போகணும். 1780 வரைக்கும் வர்ஜீனியாவோட தலைநகரம். 1926-ல் ராக்ஃபெல்லர் பணத்துல பழைய ஊரை மீட்டெடுக்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கும் தெருவுல குதிரை வண்டி ஓடுது. அங்கேதான் அந்தத் துப்பாக்கிப் பட்டறை. கரன்ட்ல ஓடுற மெஷினுக்கு அங்கே வேலையே இல்லை.

செய்யறது 'லாங் ரைஃபிள்'. 1700-களில் பென்சில்வேனியாவுல குடியேறின ஜெர்மன்காரங்ககிட்ட இருந்தது குட்டையான, பெரிய வாய் வெச்ச வேட்டைத் துப்பாக்கி. மாசக்கணக்கா காட்டுல திரியறவனுக்கு ஈயமும் மருந்தும் மிச்சமாகணுமே! குழல் ஒரு மீட்டரைத் தாண்டி நீண்டுச்சு, துளை சிறுத்துச்சு.

அந்தக் குழலை எப்படிச் செய்யறாங்க? தேனிரும்புப் பட்டையை உலையில காய்ச்சி, கம்பியைச் சுத்தி வளைச்சு, விளிம்போட விளிம்பைச் சேர்த்து அடிக்கணும். ஒரு சூட்டுக்கு ரெண்டு மூணு அங்குலம்தான் ஒட்டும். எங்கேயாவது சரியா ஒட்டலைன்னா, வெடிக்கிறது சுடுறவன் முகத்துக்குப் பக்கத்துல!

அடுத்ததுதான் சூப்பர். குழலுக்குள்ள முறுக்குக் காடி வெட்டணும். அதுக்கு ஒரு நீள மர உருளை, அது மேல திருகு திருகா பள்ளம். இழுத்தா சுத்திக்கிட்டே வரும். அதோட கம்பு நுனியில குட்டி இரும்புப் பல். ஒரு இழுப்புக்கு மயிரிழைதான் சுரண்டும். ஆழம் பத்தலையா? பல்லுக்கு அடியில துண்டுக் காகிதம் வெச்சுத் தூக்கு! பெரும்பாலும் ஏழு காடி, ஏறக்குறைய 48 அங்குலத்துக்கு ஒரு சுத்து. நம்ம சி.என்.சி. செய்யறதும் இதே ஜியோமிதிதான், என்ன, அதுக்குத் தோள்பட்டை வலிக்காது.

தொழிற்சாலைகள் வந்ததும் இந்தக் கைவேலை அழிஞ்சுபோச்சு. பழைய துப்பாக்கிகளையும் கருவிகளையும் பார்த்துப் பார்த்தே அதை மீட்டவர், இந்தப் பட்டறையின் வாலஸ் கஸ்லர். குழல், லாக், ஸ்க்ரூ வரைக்கும் எல்லாத்தையும் கையாலேயே அவர் செய்யறதை 1960-களின் கடைசியில சினிமாவா எடுத்து வெச்சாங்க. அவர் விட்டிருந்தா, நமக்கு மிச்சம் மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிதான்.

ஆனா, ரொம்பப் புகழவும் வேணாம். 1775-ல் ரைஃபிள் படை திரட்டினாங்க. குறி பிரமாதம். குண்டு போடத்தான் லேட், பயனெட்டும் மாட்ட முடியாது. இதே துப்பாக்கியோடதான் பூர்வகுடிகளோட வேட்டைக் காடுகளுக்குள்ளயும் புகுந்தாங்க. ஷானி, டெலவேர் மக்களும் இதையே வாங்கித் திருப்பிப் பிடிச்சாங்க.

போனீங்கன்னா, மேப்பிள் கட்டையில ஓடுற வரிகளையும் பித்தளை மூடியையும் மட்டும் ரசிச்சுட்டு வந்துடாதீங்க. லாக்கைக் கழட்டி உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்க. பழைய ரைஃபிள்கள்ல அந்தப் பள்ளத்துல உளி பட்ட தழும்பு அப்படியே இருக்கும். யாரும் பார்க்காத இடம்னு அதைத் தேய்க்காம விட்டிருப்பாங்க!