கீழ்க்காய்நெல்லி பிடுங்கிய காலம்

காலபோக மழை இறங்கி இரண்டு மூன்று கிழமை போனால் நெளுக்குளத்தில் வயல் வரம்பு, வாய்க்கால் ஓரம், வளவு மூலை எல்லாம் பச்சை பிடித்துவிடும். ஊரில் யாருக்காவது செங்கமாரி என்றால் பரியாரியார் எங்கள் வீட்டுக்குத்தான் சொல்லியனுப்புவார். கீழ்க்காய்நெல்லி தேடிப் பிடுங்குவது அப்பாச்சியும் நானும்.

“தூரத்தில நிண்டு சொல்லாதை மோனை. கொப்பைப் பிரட்டிப் பார்” என்பா.

பிரட்டினால் சின்ன இலைகள் இரண்டு வரிசையாக நிற்கும். முழுக் கொப்பும் ஒரே கூட்டிலை என்றே கண் நம்பும். ஆனால் கூட்டிலையில் சிற்றிலையின் கக்கத்தில் காய் வராது. இங்கேயோ ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் கடுகளவு காய் கீழ்நோக்கித் தொங்கும். ஆகவே ஒவ்வொன்றும் மாறிமாறி அமைந்த தனி இலை. காயை நகத்தால் பிளந்தால் மூன்று அறை, அறைக்கு இரண்டு விதை. பக்கத்திலேயே அதன் சாயலில் இன்னொன்று நிற்கும்: தண்டு சிவந்திருக்கும், காய் சொரசொரப்பாக, காம்பில்லாதது போல ஒட்டியிருக்கும். அதைக் கடகத்துக்குள் போட விடமாட்டா. தாவரவியலும் இரண்டையும் வேறு இனமாகத்தான் வைத்திருக்கிறது: பில்லாந்தஸ் அமாரஸ், பில்லாந்தஸ் யூரினேரியா. பள்ளிக்கூடம் அதிகம் போகாத அப்பாச்சி விரல் நுனியால் தடவியே பிரித்தா.

வல்லாரைக்குக் குளத்து அலைகரைக்குப் போவோம். தரையோடு ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர் விடும். கொத்தமல்லிக் குடும்பத்துச் செடி அது. வேலியோரத்து ஆடாதோடையில் நீண்ட இலைகள் எதிரெதிராக நிற்கும், வெள்ளைப் பூ உதடு பிரிந்தாற்போல விரியும். சளிக்கு அந்த இலையை அவித்துத் தருவா. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள் என்று பிறகு படித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கீழ்க்காய்நெல்லிக்கு அவ்வளவு தெளிவான கதை இல்லை. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் ஈரலழற்சி பி கிருமியைச் சுமப்பவர்களிடம் நல்ல பலன் கண்டதாக ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. கண் மஞ்சளித்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதிக்கவே இன்று சொல்வேன். அதனால் அப்பாச்சி சொல்லித்தந்த தாவர அறிவு குறைந்துபோவதில்லை.

எல்லாச் செடியையும் ஒருநாளும் பிடுங்கமாட்டா. காய் முற்றியவற்றை விட்டுவிடுவா, அவை வெடித்துத் தாமே விதை சிதறும். இப்போது வரம்பெங்கும் களைகொல்லி அடிக்கிறார்கள். அடிக்கிறவர்களிடம் வாய்க்கால் கரையையாவது விட்டுவிடுங்கள் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறேன்.